வடக்குச் சுவரில் ஒரு துளை

"மிஸ், எழுத்துப் பிழை மட்டும் பாத்துச் சொல்லுங்க, போதும்" என்ற குறிப்போடு சுபாஷினி கைபேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். நான் ஓய்வு பெற்ற அலுவலகத்தில் இப்போது படம் வரைபவள் அவள். பழைய கட்டடங்களை அளந்து வரைந்து வைப்பது எங்கள் பிரிவின் வேலை.

படத்தில் இருந்தது தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மும்மொழியிலும் அச்சடித்த பளபளப்பான ஓர் அறிவிப்புப் பலகை. கேகாலைப் பக்கத்து மலைத்தோட்டம் ஒன்றில் வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய தேவாலயம் இருக்கிறது. அதைச் சுற்றியிருக்கும் வளவைக் கல்யாண வரவேற்புகளுக்கும் படப்பிடிப்புக்கும் விட ஒரு நிறுவனம் குத்தகைக்கு எடுத்திருக்கிறது. ஆலயத்தின் வடக்குத் தாழ்வாரத்தில் வைப்பதற்காக அவர்கள் செய்து, சரிபார்க்கச் சொல்லி எங்கள் அலுவலகத்துக்குப் படமெடுத்து அனுப்பிய பலகை அது. தமிழ் வாசகம் இப்படி இருந்தது: "தோட்டத் தொழிலாளர்கள் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி இளைப்பாறுவதற்காக, இவ்வாலயத்தைக் கட்டிய துரை அவர்கள் அன்புடன் அமைத்துக் கொடுத்த நிழற்கூடம்."

திரும்பத் திரும்பப் படித்தேன். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. சந்திப் பிழைகூட இல்லை. மற்றதெல்லாம் பிழை.

சுபாஷினியைக் கூப்பிட்டு அதைச் சொன்னேன். "அப்படின்னா என்ன நடந்துச்சுன்னு நீங்களே எழுதிக் குடுங்க மிஸ். இங்க இருக்கிற எங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், அதை மறைக்கப் போவதில்லை.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரத்தினபுரிப் பக்கத்து இறப்பர்த் தோட்டத்தில் பிறந்தேன். அப்பா பால் வெட்டினார், அம்மாவும் வெட்டினாள். லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளில் கோடு நேராகப் போட வந்தது எனக்குத்தான் என்று பள்ளிக்கூடத்து மாஸ்டர் சொல்லுவார். கொழும்பில் தொழில்நுட்பக் கல்லூரிப் படிப்பு முடித்து, அரசாங்க அலுவலகம் ஒன்றில் படவரைஞராகச் சேர்ந்தேன். அந்தப் பிரிவில் தமிழ் ஆள் நான் ஒருத்திதான். அங்கேதான் ரணவீர மஹத்தயா, தமிழில் சொன்னால் ரணவீர ஐயா, எனக்கு மேலதிகாரியாக இருந்தார்.

மெலிந்த மனிதர். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் உள்ளே நுழையமாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல் வெளியே சுற்றி வருவார். நாங்களும் பின்னாலேயே சுற்ற வேண்டும். சாப்பாட்டு நேரம் வந்தாலும் பரவாயில்லை, அவர் சுற்றி முடிக்கும்வரை அளவு நாடா பையை விட்டு வெளியே வரக்கூடாது. ஏதாவது கருத்துச் சொல்ல வாயைத் திறந்தால், "இஸ்ஸெல்லா மனிமு நங்கி, ஈட்ட பஸ்ஸே கதா கரமு" என்பார். முதலில் அளப்போம் தங்கச்சி, அதற்குப் பிறகு பேசுவோம்.

அளக்கும்போது அவர் அளவைச் சிங்களத்தில் சத்தமாகச் சொல்லுவார். நான் அதே அளவைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும். திருப்பிச் சொல்லாமல் எழுதினால் அடுத்த அளவை வாசிக்காமல் நின்றுகொண்டே இருப்பார். கண்ணால் கண்டதற்கு முழுக்கோடு. சுவருக்குள் இப்படி இருக்கலாம் என்று நினைப்பதற்குப் புள்ளிக்கோடு. ஒரு முறை நான் ஊகித்த அத்திவாரத்தை முழுக்கோட்டில் போட்டுவிட்டேன். தாளைக் கிழிக்கவில்லை, திட்டவுமில்லை. "நீ மண்ணுக்குள்ள போய்ப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தத் தேவாலயத்துக்கு நாங்கள் போனது இருபது வருஷங்களுக்கும் முன்பு. கூரை ஒழுகியது. திருத்த வேலைக்கு முன்னால் அளந்து அறிக்கை கொடுக்கும்படி ஆலயக் குழு கேட்டிருந்தது.

தேயிலைக்கும் இறப்பருக்கும் முந்திய கோப்பிப் பயிர்க் காலத்தின் கடைசியில் அந்தத் தோட்டத்தைத் திறந்த துரை ஒருவர், இங்கிலாந்தில் தான் ஞானஸ்நானம் பெற்ற கிராமத்துக் கோயிலைப் போலவே இங்கேயும் ஒன்று வேண்டும் என்று கட்டியது அது. மேற்கே சதுர மணிக்கோபுரம். கிழக்கே பீடம். நடுவே நீண்ட கூடம், இருபுறமும் உட்கார நீள வாங்குகள். ஜன்னலெல்லாம் மேலே கூர்ந்த வளைவு. சுவர் வெளியே சாயாமலிருக்க இடைக்கிடை உதைசுவர். வெளிவாசலில் தனியாக ஒரு சின்னக் கூரை. சவப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போதகர் வரும்வரை காத்திருக்கும் இடம் அது. எல்லாம் அவர்கள் ஊர் முறை. ஆனால் கல் அவர்கள் ஊர்க் கல் அல்ல. கேகாலை மண்ணில் வெட்டிய செம்மண் நிறக் கபுக் கல். உத்தரமெல்லாம் பலா மரம். கூரையை உள்ளிருந்து பார்த்தால் கவிழ்த்துப் போட்ட வள்ளம் மாதிரி இருக்கும். அதன் சரிவு அவ்வளவு செங்குத்து. "இது பனி வழுக்கி விழுறதுக்குப் போட்ட சரிவு" என்றார் ரணவீர மஹத்தயா. "இங்க எங்க பனி? மழைத் தண்ணிதான் இந்தச் சரிவுல ஓடி வந்து சுவர்மேல அடிக்குது. ஒழுக்கு அங்க இருந்துதான்."

அழகான கட்டடம். அதை மறுக்கமாட்டேன். மாரியம்மன் கோயில் வாசலில் வளர்ந்த எனக்கும் அந்தக் கூடத்துக்குள் நின்றபோது குரல் தானாகவே தாழ்ந்தது.

வடக்குப் பக்கம் போனபோதுதான் அந்தத் தாழ்வாரத்தைப் பார்த்தேன். ஆலயத்துச் சுவரோடு ஒட்டி, தாழ்ந்த கூரையோடு, ஒரு முழம் பள்ளத்தில் இருந்தது. தரைக்குச் சாணிமண்தான். உள்ளே இருந்து அங்கே போகக் கதவு இல்லை. அங்கிருந்து உள்ளே வரவும் கதவு இல்லை. சுவரில் கண் மட்டத்தில் ஒரு துளை மட்டும் இருந்தது. நேராகக் குடைந்ததல்ல, சாய்வாகப் போன துளை. தலையைச் சாய்த்து அதில் கண்ணை வைத்தால் பீடம் தெரிந்தது.

ரணவீர மஹத்தயா துளையருகே வெகுநேரம் நின்றார். "இங்கிலாந்துல பழைய கோயில்கள்ல இப்படி உண்டு. தொழுநோய்க்காரங்க வெளிய நின்னு பாக்கன்னு சிலர் சொல்றாங்க. இல்லேன்னு சிலர் சொல்றாங்க. இங்க எதுக்குன்னு தெரியாது. நூலைக் கொண்டா."

துளையின் வெளிவாயில் நான் நூலின் ஒரு முனையைப் பிடித்தேன். அவர் மறுமுனையை எடுத்துக்கொண்டு சுற்றி உள்ளே போய், பீடத்தின் நடுவே பிடித்தார். நூல் இறுகியது. பிறகு துளையின் இடது விளிம்பை ஒட்டி ஒரு முறை, வலது விளிம்பை ஒட்டி ஒரு முறை. இரண்டு விளிம்புக்கும் நடுவே பீடமும் அதற்கு முன்னால் போதகர் நிற்கும் இடமும் மட்டுமே விழுந்தன. வாங்கு ஒன்றுகூட விழவில்லை. முதல் வரிசை வாங்கின் நுனிகூட இல்லை.

வரைந்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தாழ்வாரத்தில் நிற்பவர் சாமியைப் பார்க்கலாம். துரைமாரையும் துரைசாணிமாரையும் பார்க்க முடியாது. அதைவிட முக்கியம், அவர்கள் பார்வையில் இவர்கள் படமாட்டார்கள். அவ்வளவு கவனமாகச் சாய்வு கணக்குப் போட்டிருக்கிறார்கள். தற்செயலாக விழுந்த சாய்வில்லை அது.

ஆலயக் குழுவின் தலைவர் ஒரு காலத்தில் அந்தத் தோட்டத்தையே நிர்வகித்த பெரிய துரை. வெள்ளைக்காரர் போனபின் வந்த நம் நாட்டுக்காரர்தான். வேலை ஏவுவதற்காகக் கற்ற தமிழ் அவருக்கு நன்றாக வரும். என்னைப் பார்த்து, "அது பின்னால கட்டின மாட்டுப் பட்டி. கோயிலுக்கு அசிங்கம். ஒடைச்சிப்போட்டு அந்த ஓட்டையையும் அடைச்சிருவோம். பழைய அழகு திரும்பி வரும். அப்படியே எழுதிரு" என்றார்.

எஸ்தர் அக்காவும் அதை உடைக்கத்தான் சொன்னார். தமிழ்ச் சபையின் சார்பில் குழுவில் இருந்தவர் அவர். அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. இறப்பர் ஸ்டோரில் வேலை. தேத்தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தவர், நான் தாழ்வாரத்தை அளப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அதப் போய் ஏன் தங்கச்சி அளக்குற? எங்கப்பா அம்மா கல்யாணம் அங்கதான் நடந்துச்சு. உள்ள பூசை முடிஞ்சி துரைமாரெல்லாம் போன பொறகு, பாதர் வெளிய வந்து, அந்த மண்ணுல நிக்க வச்சிக் கையப் புடிச்சிக் குடுத்தாரு. மழைத் தண்ணி காலுக்கடியில ஓடுச்சாம். அம்மா சாகுற வரைக்கும் சொல்லும். ஒடைச்சிப் போடட்டும். நல்லது."

"உள்ளே வரவே கூடாதாக்கா?"

"கோயில் கூட்டிப் பெருக்க வரலாம்" என்றார்.

ரணவீர மஹத்தயா யார் பேச்சையும் கணக்கில் எடுக்கவில்லை. ஒதுக்குப்புறமான மூலையில் உள்ளங்கை அளவுக்குச் சாந்தைப் பெயர்த்துப் பார்த்தோம். தாழ்வாரத்துச் சுவரின் கற்கள் ஆலயச் சுவரின் கற்களோடு பல்லும் பல்லுமாகக் கோத்திருந்தன. பின்னால் கட்டியிருந்தால் ஒட்டி நிற்கும், கோத்து நிற்காது. துளையின் உள்விளிம்பையும் விளக்குப் பிடித்துப் பார்த்தோம். பின்னால் குடைந்திருந்தால் கல் உடைந்து சிதைந்திருக்கும். இங்கே ஒவ்வொரு கல்லும் சாய்வுக்கேற்பச் செதுக்கி வைக்கப்பட்டிருந்தது. ஆலயம் கட்டிய அன்றே அதுவும் கட்டப்பட்டது. சந்தேகமில்லை.

குழுக் கூட்டம் ஆலயத்துக்குள்ளேயே நடந்தது. ரணவீர மஹத்தயா எழுந்து, தாழ்வாரமும் துளையும் ஆலயத்தோடு ஒரே காலத்தவை என்று சொல்லி உட்கார்ந்தார். தலைவர் சிரித்தார்.

"அப்படின்னா அப்பவே மாடு கட்டியிருக்காங்க. மாட்டுப் பட்டிதான். எழுதிட்டு ஒடைப்போம்."

எஸ்தர் அக்கா கடைசி வாங்கில் இருந்து எழுந்தார். அவர் குரல் அந்தக் கூரைவரைக்கும் போனது.

"மாட்டுப் பட்டியா? ஒடைங்கன்னு மொதல்ல சொன்னதே நாந்தாங்க. இப்பவும் சொல்றேன், ஒடைங்க. ஆனா மாடு கட்டுன எடம்னு எழுதிட்டு ஒடைக்க விடமாட்டேன். எங்க ஆளுங்க நின்ன எடம்னு எழுதுங்க. உள்ள வரக்கூடாதுன்னு நிப்பாட்டி வச்சிருந்தாங்கன்னு எழுதுங்க. எழுதிட்டு, நானே மம்பட்டி கொண்டாரேன்."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "உங்க கோயில்கள்ல மட்டும் எல்லாரையும் உள்ள விட்டாங்களோ?"

"இல்லை. விடவில்லை" என்றேன். "அங்கே யாராவது மாட்டுக் கொட்டில் என்று எழுதினாலும் இதையேதான் சொல்வேன்."

அந்த ஒரு வாசகத்தை எழுத அந்தக் கூட்டத்தில் யாருக்கும் மனம் வரவில்லை. எழுதாமல் உடைக்கவும் எஸ்தர் அக்கா விடவில்லை. கூரையைத் திருத்தினார்கள். தாழ்வாரம் அப்படியே நின்றது.

ரணவீர மஹத்தயாவின் மேல் எனக்கு இன்றுவரை உள்ள கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர் இப்போது இல்லை. என் தொழிலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் போட்ட பிச்சை. ஆனாலும் அறிக்கையின் கடைசியில் அவர் எழுதிய வரி இது: "வடக்குத் தாழ்வாரத்தின் பயன்பாடு குறித்து உறுதியாகக் கூற இயலாது."

திரும்பி வரும் வழியில், வரக்காப்பொலையில் சாப்பிட இறங்கியபோது கேட்டேன். "சேர், எஸ்தர் அக்கா சொன்னதைக் கேட்டீங்கதானே? நூல் பிடிச்சதும் நீங்கதானே?"

"கேட்டேன். நம்புறேன்" என்றார். "ஆனா நங்கி, கல்லு எப்ப கட்டினதுன்னு சொல்லும். எதுக்குன்னு சொல்லாது. நாங்க கல்லைப் பத்தித்தான் எழுதலாம்."

"அப்ப மனுஷங்க சொல்றதை யார் எழுதுறது?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நானும் அன்று சாப்பிடவில்லை.

இப்போது அந்தப் பலகைக்கு வருகிறேன். நிறுவனத்தின் முகாமையாளரின் எண்ணை சுபாஷினியிடம் வாங்கிப் பேசினேன். இளைஞன், மரியாதையானவன், நல்ல தமிழ்.

"அன்ட்டி, உங்க அலுவலக அறிக்கையிலேயே பயன்பாடு உறுதியா தெரியாதுன்னுதானே இருக்கு? அதான் நாங்க நல்ல மாதிரியா எழுதினோம்."

"நிழலுக்குக் கட்டினது என்றால் துளை எதற்கு தம்பி?"

"காத்துக்கா இருக்கும்."

சுவர் எங்கும் கூர்வளைவு ஜன்னல் வைத்தவனுக்குக் காற்றுக்கு ஒரு சாய்வுத் துளை வேண்டியிருந்ததாம்! நூல் பிடித்த கதையைச் சொன்னேன். எஸ்தர் அக்காவின் பெற்றோர் கதையைச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். "இது சந்தோஷமான இடம் அன்ட்டி. கல்யாணத்துக்கு வர்றவங்க. இந்த மாதிரி சோகத்தை எல்லாம் போட முடியாது. ஆனா உங்க முறைப்பாட்டை மேல சொல்றேன். கட்டாயம் திருத்துவோம்."

திருத்தினார்கள். சில வாரங்களில் நான் கேகாலைக்கு பஸ் ஏறி, அங்கிருந்து ஆட்டோ பிடித்து நேரில் போனேன். தாழ்வாரத் தரையைச் சீமெந்தால் இழைத்து, மேசை நாற்காலி போட்டு, பூந்தொட்டி தொங்கவிட்டிருந்தார்கள். பலகை நின்றது. ஆங்கிலத்தில் அதே நிழற்கூடம், அதே அன்பு. சிங்களத்திலும் அப்படியே. தமிழ் இருந்த பகுதியில் ஒரு பூங்கொத்துப் படம் ஒட்டியிருந்தது. தமிழில் பிழை இருப்பதாக முறைப்பாடு வந்ததால் தமிழை எடுத்துவிட்டார்களாம்.

அந்த இடத்தில் எனக்கு வந்த ஆத்திரத்தை எந்தக் கோட்டிலும் போட முடியாது. பொய் சொன்னவர்கள் பொய்யை வைத்துக்கொண்டார்கள். பொய் என்று சொன்னவளின் மொழியை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

எஸ்தர் அக்காவின் வீடு ஆலயத்துக்குக் கீழே, நடந்து போகும் தூரம்தான். எழுபதைத் தாண்டிவிட்டார். நடை தளர்ந்திருக்கிறது, குரல் தளரவில்லை. நான் சொன்னதைக் கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு ஏறி வந்தார். பலகையைப் பார்த்தார். ஆங்கிலத்தை நான் வாசித்துச் சொன்னேன். சிங்களத்தை அவரே வாசித்தார்.

"நல்லவேளை அன்னிக்கு ஒடைக்கல" என்றார். "ஒடைச்சிருந்தா இப்ப நந்தவனம் இருந்துச்சின்னு சொல்லுவானுங்க."

அங்கிருந்து இருவரும் போதகரிடம் போனோம். மாதத்துக்கு ஒரு ஞாயிறு தமிழ் ஆராதனை நடத்த வரும் இளம் போதகர் அவர். நிறுவனத்தின் பலகையில் கைவைக்கத் தனக்கு அதிகாரமில்லை என்றார். எஸ்தர் அக்கா விடவில்லை.

"அவங்க பலகைய நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் பாதர். கோயில் சபையோடதுதானே? சபை ஒரு பலகை வைக்கலாம்தானே?"

போதகர் யோசித்தார். "வைக்கலாம்மா. யாரு எழுதுறது?"

"எழுதுற ஆளக் கையோடதான் கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றார் எஸ்தர் அக்கா.

பலாப் பலகை ஒன்று இழைத்து வாங்கினோம். பழைய சுவரில் ஆணி அடிக்க எனக்கு மனமில்லை; தரையில் நிற்கும்படி கால் வைத்தோம். என்ன எழுதுவது என்பதை எஸ்தர் அக்காவே சொன்னார். நான் நீளமாக எதையோ தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கல்யாணத்துக்குத்தானே ஆளுங்க வர்றாங்க? கல்யாணத்தப் பத்தியே எழுது."

எஸ்தர் அக்காவின் அப்பா அம்மா பெயரைப் போட்டு மூன்று மொழியிலும் எழுதினேன். தமிழை மேலே எழுதினேன். "யாக்கோபுவும் சாராளும் ஆலயத்துக்குள் அனுமதிக்கப்படாமல், மழையில் இந்த இடத்தில் நின்று திருமணம் செய்துகொண்டார்கள். தோட்டத்துத் தமிழர் உள்ளே பார்க்க விடப்பட்டது இந்தத் துளை வழியாக மட்டுமே." என் தொழில் வாழ்வில் எத்தனையோ படங்களுக்குக் கீழே எழுத்து எழுதியிருக்கிறேன். மேலதிகாரி யாரும் பார்க்காமல், யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்காமல் எழுதியது இது ஒன்றுதான்.

தமிழ் ஆராதனை முடிந்த ஞாயிறு சபையார் அதைக் கொண்டுபோய்த் தாழ்வாரத்தில் நிறுத்தினார்கள். முகாமையாளன் தொலைபேசியில் வருத்தப்பட்டான். போதகர், "சபையின் தீர்மானம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சென்ற வாரம் எஸ்தர் அக்காவோடு மறுபடி போனேன். அன்று ஒரு கல்யாணம். மணமக்களைத் தாழ்வாரத்தில் நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பலகையை யாரோ சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். நான் சண்டைக்குத் தயாராக வாயெடுக்குமுன், எஸ்தர் அக்கா சேலையைச் செருகிக்கொண்டு படம் பிடிப்பவருக்கும் மணமக்களுக்கும் நடுவே போனார். "கொஞ்சம் இருங்க மக்கா" என்று சொல்லி, இரண்டு கையாலும் பலகையைத் தூக்கி முன்பக்கம் திருப்பினார். மணப்பெண் குனிந்து படித்தாள். பிறகு சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, துளையில் கண்ணை வைத்தாள்.

கீழே இறங்கும்போது எஸ்தர் அக்காவிடம் சொன்னேன்: "நாளைக்கும் திருப்பிடுவாங்கக்கா."

"திருப்பட்டும்" என்றார். "வீடு கிட்டத்தான இருக்கு. நாளைக்கும் வருவேன்."